வகுப்பறைக்கு வெளியே ஓர் இடம்

ஒரு கல்லூரியின் பெருமையைக் கூற வருவோர், அங்குள்ள துறைகள் எத்தனை, கட்டடங்கள் எத்தனை, தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூறுவது வழக்கம். இவை அனைத்தும் வேண்டுவனவே. ஆயினும் இக்கணக்குகளில் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. பாடவேளை முடிந்து மணி அடித்தபின் அக்கல்லூரியின் மாணவன் எங்கே அமர்கிறான்? மாணவி எங்கே உண்கிறாள்? அடுத்த பேருந்து வருவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, புத்தகத்தை விரித்துப் படிக்க அவர்களுக்கு நிழலும் இருக்கையும் குடிதண்ணீரும் உள்ள ஓரிடம் உண்டா? இக்கேள்விக்குத் தெளிவான விடை கூறக்கூடிய கல்லூரிகள் நம்மிடையே மிகச் சிலவே.

கல்வி என்பது ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதோடு நிறைவு பெறுவதன்று. கேட்டதை நினைத்துப் பார்க்கவும், நண்பனோடு விவாதிக்கவும், எழுதிப் பார்க்கவும், சில வேளை ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருக்கவும் பொழுது வேண்டும். அப்பொழுதைக் கழிக்க இடமும் வேண்டும். நம் முன்னோர் இதனை அறிந்தே இருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்ததும் திண்ணையில்தான்; பாடம் முடிந்தபின் பிள்ளைகள் கூடிப் பேசியதும் அதே திண்ணையில்தான். பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் எழுந்த அல் அஸ்ஹரில், தொலைவிலிருந்து வந்த மாணவர்களுக்கென ஊர்வாரியாகவும் நாடுவாரியாகவும் ‘ரிவாக்’ எனப்படும் தங்குகூடங்கள் அமைந்தன. கற்பிக்கும் இடத்திற்கு ஈடாகக் கற்பவர் தங்கும் இடமும் மதிக்கப்பட்ட மரபு அது. இம்மரபு நம் கல்லூரிகளில் எங்கோ நழுவிவிட்டது.

வீடே வேலைக்களமாகும் ஊர்கள்

இக்குறை எல்லா ஊர்களிலும் உள்ளதே எனினும், விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டைப் பகுதியில் அது கூடுதலாகச் சுடுகிறது. சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர் இது. கரிசல் மண், மழையை நம்பிய வேளாண்மை, ஊருக்கு வெளியே பொட்டலில் சிறுசிறு அறைகளாக நிற்கும் பட்டாசு ஆலைகள் ஆகியவையே இப்பகுதியின் தோற்றம். அதிகாலையிலேயே ஆலைக்குச் செல்லும் பெற்றோர் மாலையில்தான் வீடு திரும்புவர். அதன் பிறகும் பல வீடுகளில் வேலை ஓய்வதில்லை. தீப்பெட்டி ஒட்டுதல், காகிதக் குழாய் சுருட்டுதல் போன்ற கூலி வேலைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. இருக்கும் ஒரே அறையில் ஒரு மூலையில் அட்டைக்கட்டும் பசைக் கிண்ணமும், மறு மூலையில் அடுப்பும், நடுவில் தொலைக்காட்சியும் இருக்க, கல்லூரியில் பயிலும் மகன் தன் குறிப்பேட்டை எங்கே விரிப்பான்? மகளின் நிலையோ இன்னும் கடினம். அவள் வீட்டில் இருக்கிறாள் என்றாலே அவளுக்கென ஒரு வேலை காத்திருக்கும்.

இப்பிள்ளைகளின் பெற்றோர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிவகாசி வட்டாரத்தில் குழந்தைகள் தீப்பெட்டித் தொழிலில் ஈடுபடுத்தப்பட்டதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அபாயமான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தைக்குக் கல்வி அளிக்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அன்று குச்சி அடுக்கிய சிறுமியர் பலர் இன்று தாய்மார்கள். தமக்குக் கிடைக்காத கல்வியைத் தம் மக்களுக்குக் கொடுத்தே தீர்வது என்ற உறுதியோடு அவர்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டையை அடுத்த இராமுதேவன்பட்டியில் பத்துப் பேர் உயிரிழந்தனர். இவ்வட்டாரத்துத் தாய் ஒருத்தி தன் பிள்ளையைக் கல்லூரி வாயிலில் விடும்போது எதை எண்ணி விடுகிறாள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 47 விழுக்காடு. இந்தியச் சராசரியோ 28.4 விழுக்காடுதான். பெருமைக்குரிய முன்னேற்றமே இது. ஆனால் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருகின்ற ஒரு மாணவனுக்குச் சேர்க்கை மட்டும் போதாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பறையும் மேசையும் வீட்டிலேயே உண்டு. அவனுக்குக் கல்லூரி வகுப்பறை மட்டும் தந்தாலும் போதும். வெம்பக்கோட்டை மாணவனுக்கோ கல்லூரி வளாகமே படிப்பறை. அதனை அவனுக்குத் தராத கல்லூரி, பாதிக் கல்வியைத்தான் தருகிறது என்பது என் துணிபு.

கொடையால் எழுந்த சுவர்கள்

இங்ஙனம் கூறுவதால், கல்லூரிகளை எழுப்பியோரின் தொண்டைக் குறைத்துக் கூறுவதாக எவரும் கருதலாகாது. விருதுநகரில் 1889 இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் திரட்டிய பிடி அரிசியாலும் வணிகர்களின் மகமையாலும் வளர்ந்தது; பெருந்தலைவர் காமராசர் பயின்ற பள்ளி அது. 1947 இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1963 இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968 இல் அங்கேயே ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் எழுந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு கல்விக்குத் திரும்பியது என்பதற்கு இவை சான்று.

நம் சமுதாயத்தின் கொடையும் இதற்குச் சளைத்ததன்று. 1951 இல் திருச்சிராப்பள்ளியில் ஹாஜி ஜமால் முகமது சாகிபும் ஹாஜி காஜா மியான் ராவுத்தரும் நிறுவிய ஜமால் முகமது கல்லூரி, 1955 இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியால் சென்னையில் தோன்றிய எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி, 1956 இல் உத்தமபாளையத்தில் எழுந்த ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1970 இல் இளையான்குடியில் அமைந்த ஜாகிர் உசேன் கல்லூரி, 1971 இல் பாளையங்கோட்டையில் தோன்றிய சதக்கத்துல்லா அப்பா கல்லூரி என இப்பட்டியல் நீளும். இக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்று பயன்பெற்று வருகின்றனர்.

அக்கொடையாளர்கள் கட்டடம் எழுப்பினர். அக்காலத்தின் தேவை அதுவே. அச்சுவர்களுக்குள் மாணவர் வாழ்வதற்கு வழி செய்வது நம் காலத்தின் பொறுப்பு. தர மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் ஒளிரும் மாணவர் பொதுஅறை, குழு சென்ற மறுநாள் பூட்டப்படுவதும், பின்னர் பழைய விடைத்தாள் கட்டுகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் கிடங்காவதும் எத்தனை கல்லூரிகளில் நடைபெறுகின்றன என்பது கல்லூரி வாழ்வை அறிந்தோர்க்குத் தெரியும். அறிக்கையில் அவ்வறை உண்டு, மாணவருக்கு இல்லை. ஆகவே நாம் பேச வேண்டியது கட்டடப் பற்றாக்குறையைப் பற்றி மட்டுமன்று, திறவுகோலைப் பற்றியும்தான்.

ஜப்பானிய வளாகங்கள் காட்டும் பாடம்

இவ்விடத்தில் பிறநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை நோக்குதல் பயன் தரும். சிவகாசிக்கும் ஜப்பானுக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்குத் தீப்பெட்டிகள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, வறண்ட சிவகாசியில் அதனை வேரூன்றச் செய்தனர். அந்நியப் பொருளைக் கண்டு மலைத்து நில்லாமல், கற்கத் தக்கதைக் கற்று நம் மண்ணுக்கேற்பச் செய்துகொண்ட அந்த மனப்பான்மையோடுதான் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களையும் நாம் பார்த்தல் வேண்டும்.

ஜப்பானில் அகிதா என்பது வடபுறத்து மாநிலம். பனி மிகுந்த பகுதி. அங்கே 2004 இல் தொடங்கப்பட்ட அகிதா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் அளவில் சிறியது. ஆயினும் 2008 இல் திறக்கப்பட்ட அதன் நூலகம், ஆண்டின் 365 நாட்களும், நாளின் 24 மணி நேரமும் மாணவருக்குத் திறந்திருக்கும் வகையில் அமைக்கப்பட்டது. அரைவட்ட வடிவில் படிப்படியாக உயரும் அக்கட்டடத்திற்கு அம்மாநிலத்துச் சீடார் மரங்களையே பயன்படுத்தினர். நள்ளிரவில் எழுந்து வந்து படிக்க விரும்பும் மாணவனுக்கும் அங்கே விளக்கு எரிகிறது. உள்ளூர் மரம், உள்ளூர்க் கைத்திறன், பூட்டாத கதவு என்பனவே அதன் சிறப்பு.

தோக்கியோ பல்கலைக்கழகத்தின் நூலகம் 1923 ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தின்போது எரிந்தழிந்தது. அமெரிக்கரான ராக்ஃபெல்லரின் நன்கொடையால் 1928 இல் அது மீண்டும் எழுந்தது. அந்நூலகத்தை ஒட்டி 2017 இல் புதிய பகுதி ஒன்றைத் திறந்தனர். பல இலட்சம் நூல்களை நிலத்துக்கு ஆழத்தில் தானியங்கி அடுக்குகளில் வைத்துவிட்டு, அதற்கு மேலே நிலத்தடி முதல் தளத்தை மாணவர்கள் கூடிப் பேசி விவாதிக்கும் மண்டபமாக அமைத்தனர். நூலகம் என்றால் வாய்மூடி இருக்குமிடம் என்று மட்டும் கருதாமல், மௌனமாகப் படிப்போர்க்கு ஓரிடமும் பேசிப் படிப்போர்க்கு வேறோர் இடமும் வகுத்த முறை இது. நம் மாணவர்கள் தேர்வுக் காலத்தில் மரத்தடியில் வட்டமாக அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் காட்சியை நாம் அறிவோம். அம்முறைக்கு ஒரு கூரை அமைத்துத் தந்ததே தோக்கியோவில் நிகழ்ந்தது.

கனசாவா தொழில்நுட்பக் கல்லூரியில் 1993 இல் ‘யுமெக்கோபோ’ என்னும் கூடத்தைத் தொடங்கினர். கனவும் சிந்தனையும் பொருளாகும் பட்டறை என்று அதன் பெயரை விளக்கலாம். அங்கே கருவிகளும் எந்திரங்களும் மூலப்பொருள்களும் உண்டு. பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மாணவர் எவரும் பாடவேளைக்கு வெளியே சென்று தாம் எண்ணியதைச் செய்து பார்க்கலாம். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் ஆய்வுக்கூடப் பயிற்சியினும் இது வேறானது. கைத்தொழிலே மூச்சாக உள்ள சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இத்தகைய ஒரு கூடம் கிடைத்தால் என்னவெல்லாம் செய்வர் என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் மகிழும். கூடவே அது கிடைக்காதிருப்பதை எண்ணி வருந்தவும் நேரும்.

உணவும் கூட்டுறவும்

ஜப்பானிய வளாகங்களில் நாம் பின்பற்றத் தக்கனவற்றுள் முதன்மையானது எது என்று என்னைக் கேட்டால், பல்கலைக்கழகக் கூட்டுறவுச் சங்கம் என்றே கூறுவேன். மாணவன் கல்லூரியில் சேரும்போது ஒரு பங்குத்தொகையைச் செலுத்தி உறுப்பினன் ஆகிறான். படிப்பை முடித்து வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுகிறான். உணவகமும் புத்தகக் கடையும் எழுதுபொருள் விற்பனையும் அச்சங்கத்தின் பொறுப்பு. ஆண்டுக் கூட்டத்தில் மாணவப் பேராளர்களும் அமர்ந்து கணக்குக் கேட்கின்றனர். போருக்குப் பின் உணவும் தாளும் கிடைக்காத வறுமைக் காலத்தில் இச்சங்கங்கள் அந்நாடெங்கும் வலுப்பெற்றன. இன்று வெளிநாட்டு மாணவர் பயிலும் பல வளாகங்களில், அவர்தம் சமய ஒழுக்கத்திற்கேற்ப ஹலால் உணவும் இச்சங்க உணவகங்களில் கிடைக்கிறது. கியோத்தோ பல்கலைக்கழக உணவகம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மிகச் சிறுபான்மையாக உள்ள மாணவரையும் நினைவில் வைத்து உலை வைக்கும் பண்பு அது.

நம் நாட்டின் நிலையைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பசியை உணர்ந்து, 1950களில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் இம்மாவட்டத்து மைந்தரான காமராசர். 1982 இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 இல் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. உலகமே வியக்கும் இவ்வரிசை பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்குப் பின் மாணவனுக்குப் பசி இல்லையா? அதிகாலையில் ஆலைக்குப் புறப்படும் தாய், சோறு கட்டித் தர இயலாத நாட்கள் பல. காலை வகுப்பு முடிந்து, தேநீரும் ஒரு வடையுமாகப் பகல் முழுவதையும் கழிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளனர். அரசுப் பள்ளிகளில் படித்து வந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. உதவித்தொகை பெரும்பாலும் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். கல்லூரியில் மலிவாகக் கிடைக்கும் ஒரு வேளைச் சோறு மாணவனின் வயிற்றுக்கே செல்லும்.

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. 1904 இலேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டவர்கள் தமிழர்கள். பல கல்லூரிகளில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை என்ற பெயர்ப்பலகையும் உண்டு. குறிப்பேடும் பேனாவும் விற்பதோடு அது நின்றுவிடுகிறது. அப்பண்டகசாலையே ஓர் உணவுக்கூடத்தையும் ஏற்று நடத்தினால் என்ன? ஒரு கூரை, கைகழுவக் குழாய், குடிநீர், எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் சாம்பார்ச் சோறும் மாறிமாறி வரும் எளிய பட்டியல், வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவருவோரும் கூச்சமின்றி அமர்ந்துண்ணும் பலகை. இவ்வளவே வேண்டுவது. நம் ஊர்களில் நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சி ஊராருக்கு ஊற்றும் பள்ளிவாசல்களும், திருவிழாவில் ஊரே கூடி அன்னதானம் செய்யும் கோயில்களும் உள்ளன. நூறு பேருக்கு உலை வைப்பது எப்படி என்பதை இம்மண்ணுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மாணவியர்க்கென

மாணவியர் நலனைத் தனித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆண்பிள்ளைக்கு இடமில்லை என்றால் தேநீர்க் கடைப் பலகையும் பேருந்து நிறுத்தமும் இருக்கின்றன. பெண்பிள்ளைக்கு அவையும் இல்லை. கழிப்பறை தூய்மையாக இல்லாத காரணத்தால் பகல் முழுவதும் தண்ணீர் அருந்தாமலேயே இருந்து நோயைத் தேடிக்கொள்ளும் மாணவியர் உண்டு. மாதவிலக்கு நாட்களில் கல்லூரிக்கு வராமல் நின்றுவிடுவோரும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2013 இல் வெளியிட்ட ‘சக்ஷம்’ அறிக்கை, வளாகங்களில் மாணவியர்க்குப் போதிய கழிப்பறை, விளக்கொளி, போக்குவரவு ஆகியன இல்லாத குறையைச் சுட்டிக்காட்டியது. பாதுகாப்பு என்ற பெயரில் மாணவியரை விரைந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. அவர்கள் அச்சமின்றி மாலை வரை அமர்ந்து படிக்கத்தக்க இடமாக வளாகத்தை ஆக்குவதே நம் கடமை.

கழிப்பறைத் தூய்மை நம் மாணவர்க்குக் கைவராது என்று சலித்துக்கொள்வோர்க்கு ஒன்று கூற விரும்புகிறேன். பள்ளிவாசல் உள்ள வளாகங்களில் ஒளுச் செய்யும் இடத்தைப் பாருங்கள். நாள்தோறும் பலர் வந்து போகும் இடமாயினும், தண்ணீர் தடையின்றி வருகிறது, தரை கழுவப்படுகிறது. வருவோர் ஒவ்வொருவரும் அதனைத் தமக்குரிய இடமாகக் கருதுவதும், அதற்கென ஒருவர் பொறுப்பேற்றிருப்பதுமே காரணம். இவ்விரண்டும் அமைந்தால் கல்லூரியின் எல்லா இடங்களும் அவ்வாறே விளங்கும்.

எதிர்வாதங்கள் சில

இக்கருத்துகளுக்குப் பெரியோர்கள் சிலர் தடை கூறக்கூடும். அவர்தம் கவலைகள் புறந்தள்ளத் தக்கனவல்ல.

முதலாவது ஒழுங்கு பற்றிய கவலை. மாணவரை வகுப்பு முடிந்ததும் அனுப்பிவிட்டால் வம்பில்லை. வளாகத்தில் தங்க விட்டால் வீண்பேச்சும் பூசலும் விளையும் என்பர். வளாகத்தை விட்டு வெளியேறிய மாணவன் நேரே வீட்டுக்குத்தான் செல்கிறான் என்பது என்ன உறுதி? கண்ணுக்கெட்டிய இடத்தில், நூல்களின் நடுவே, ஆசிரியர் நடமாட்டத்தின் அருகே அவன் இருப்பதே நன்று. பூசல் வரும் என்றால் அதனைத் தீர்க்கக் கற்பதும் கல்விதான்.

இரண்டாவது பொருள் பற்றிய கவலை. சுயநிதிப் பிரிவுகளின் கட்டணத்தில் ஓடும் கல்லூரிகளுக்கு இஃது உண்மையான இடர்ப்பாடே. எனினும் இங்கே கேட்கப்படுவனவற்றுள் பாதி, செலவில்லாதவை. இருக்கும் நூலகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைப்பதற்கு ஒருவர் ஊதியமும் மின்கட்டணமும் போதும். காலைச் சுழற்சி வகுப்பு முடிந்தபின் ஒழியும் அறைகளைப் படிப்பறைகளாக அறிவிப்பதற்குத் தேவை ஒரு சுற்றறிக்கை மட்டுமே. மரத்தடியில் சிமெண்டுப் பலகை நான்கு அமைக்க முன்னாள் மாணவர் ஒருவரின் ஒரு மாத ஊதியம் போதும்.

மூன்றாவது, நிலமும் அறையும் வீணாகின்றன என்ற எண்ணம். வகுப்பு நடக்காத அறை பயனற்றது, இன்னுமொரு பாடப்பிரிவைத் தொடங்கலாமே என்று நிருவாகம் கருதுவது இயல்பு. இதற்குப் பட்டாசுத் தொழிலே விடை கூறுகிறது. ஆலைகளில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே இத்தனை மீட்டர் வெற்றிடம் இருத்தல் வேண்டும், மருந்து கையாளும் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வெடிபொருள் விதிகள் வரையறுத்துள்ளன. பல விபத்துகளின் பின் நடந்த விசாரணைகளில், அனுமதித்த அளவுக்கு மேல் ஆட்களை நெருக்கி வைத்தமையே காரணமாகச் சுட்டப்பட்டது. பார்ப்போர் கண்ணுக்கு வீணாகக் கிடக்கும் அவ்வெற்றிடம் உயிர்காக்கும் இடம் என்பதை வெம்பக்கோட்டைச் சிறுவனும் அறிவான். கல்லூரியில் ஒரு பாடவேளைக்கும் மறு பாடவேளைக்கும் இடையே, ஒரு கட்டடத்திற்கும் மறு கட்டடத்திற்கும் இடையே மாணவர் மூச்சுவிடும் இடமும் அத்தகையதே.

செய்யத் தக்கன

வெம்பக்கோட்டையை அடுத்த விசயகரிசல்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சு முதல் மேற்கொண்ட அகழாய்வுகளில், சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அவற்றோடு சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் கிடைத்தன. தொழிலும் வணிகமும் செழித்த அப்பழங்காலத்தில், உழைத்த மக்கள் உழைப்புக்கு நடுவே கூடி அமர்ந்து ஆடவும் செய்தனர் என்பதற்கு அச்சிறு காய்கள் சான்று பகர்கின்றன. வேலையும் ஓய்வும் கலந்த அவ்வாழ்வை அதே ஊரின் இன்றைய பிள்ளைகளுக்கு மறுப்பது முறையாகாது.

ஆதலின் கல்லூரி நிருவாகங்களும் பேராசிரியப் பெருமக்களும் சமுதாயப் பெரியோரும் பின்வருவனவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். நூலகத்தையும் ஒரு படிப்பறையையும் ஊர்களுக்குச் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரம் வரை திறந்து வைக்கலாம். தேர்வுக் காலத்தில் விடுமுறை நாட்களிலும் திறக்கலாம். மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலையின் பொறுப்பில் எளிய உணவுக்கூடம் ஒன்றைத் தொடங்கலாம். மாணவியர்க்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் விளக்கும் குறைவற்ற கழிப்பறைகளும் ஓர் ஓய்வறையும் உறுதி செய்யப்படல் வேண்டும். தமிழ்த்துறையினராகிய நாம் ஒரு மேசையும் ஒரு சுவர்ப்பலகையும் உள்ள சிற்றறை ஒன்றை மாணவரிடம் ஒப்படைத்து, கையெழுத்து இதழ் நடத்துமாறு கூறலாம். நாட்காட்டியும் நாட்குறிப்பேடும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் அச்சகங்கள் நிறைந்த சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதழ் வடிவமைப்பு அயலான கலையன்று. இவையனைத்தையும் மேற்பார்க்கும் குழுவில் மாணவரும் மாணவியரும் சரிபாதி இடம்பெறல் வேண்டும். தம் பெயரில் உள்ள இடத்தைத் தாமே காப்பர்.

கொடையாளப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி ஒரு கட்டடத்திற்குப் பெயர் சூட்ட விழைவோர், அக்கட்டடம் மாலையிலும் திறந்திருக்க ஆகும் செலவையும் சேர்த்து அறக்கட்டளையாக வைப்பாராக. வக்ஃபு என்னும் நம் அறமரபின் உட்பொருளும் அதுவே. கொடுத்த பொருள் நாள்தோறும் பயன் தந்துகொண்டே இருத்தல் வேண்டும். பூட்டிக் கிடக்கும் மண்டபத்தால் எந்நன்மையும் வந்து சேராது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஓரிடம் கேட்பது உங்கள் உரிமை. கிடைத்த இடத்தைத் தூய்மையாகவும் அமைதியாகவும் அடுத்து வருவோர்க்கு உரியதாகவும் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. குழாய் சுருட்டிய கைகளால் உங்களைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர், அங்கே நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கின்றனர். அந்நம்பிக்கை பொய்யாகாதிருக்க, இக்கல்வியாண்டு முடிவதற்குள் பூட்டிய ஓர் அறையையேனும் திறப்போமாக.